டிகிரியைத் துரத்தப் போய்த் தீயைப் படித்த கதை

மரப்புகையில் இறைச்சியை மெல்ல வேகவைக்கும் அடுப்பான என் பெல்லட் ஸ்மோக்கரின் முகப்பில், நான் வைத்த இலக்கான 107 என்ற எண் ஒளிர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், உள்ளே கம்பித்தட்டின் நடுவில் நான் தனியாக வைத்திருந்த வெப்பமானி 126 டிகிரி காட்டியது. ஏழு நிமிடம் கழித்துப் பார்த்தபோது முகப்பில் அதே 107 இருந்தது; வெப்பமானியோ 94க்கு இறங்கியிருந்தது. வெப்பம் ஏறி இறங்குவதைவிட, முகப்பு எண் அசையாமல் இருந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. அடுப்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் என்ற மின்னணுப் பெட்டி, அப்போதைக்கு அளந்த வெப்பத்தைக் காட்டவில்லை. பல நிமிட அளவீடுகளைக் கூட்டிச் சராசரியாக்கி, இலக்குக்கு அருகில் இருந்தால் இலக்கையே காட்டிவிடுகிறது என்று ஒரு வாரம் குறிப்பெடுத்த பிறகு புரிந்தது. பொய் சொல்லும் கருவி ஒன்றை இரவு முழுவதும் நம்பித் தூங்கிக்கொண்டிருந்தேன் என்ற எரிச்சலில்தான் கன்ட்ரோலரை மாற்றும் வேலை தொடங்கியது.

பெல்லட் ஸ்மோக்கர் உண்மையில் மிக எளிய எந்திரம். பக்கவாட்டில் ஒரு தொட்டி இருக்கும். அதில் மரத்தூளை அழுத்திச் செய்த, ஏறக்குறைய 6 மி.மீ. தடிமன் உள்ள பெல்லட்டுகளைக் கொட்டுகிறோம். தொட்டியின் அடியிலுள்ள திருகுத்தண்டு, நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்ற அளவில் சோம்பலாகச் சுழன்று, அவற்றைத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே இருக்கும் சிறு தீக்கிண்ணத்தில் விழச்செய்கிறது. கிண்ணத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பற்றவைப்புக் கம்பி தொடக்கத்தில் சில நிமிடங்கள் பழுத்துச் சிவந்து நெருப்பை மூட்டுகிறது. ஒரு விசிறி காற்றை ஊதுகிறது. தீயின் நேர்வெப்பம் படாதபடி ஒரு தகடு தடுக்க, சூடான காற்றும் புகையும் அறை முழுவதும் சுற்றிவிட்டுப் புகைபோக்கி வழியாக வெளியேறுகின்றன. கன்ட்ரோலரின் கையில் இருப்பவை மூன்றே சுவிட்சுகள்: திருகுத்தண்டின் மோட்டார், விசிறி, பற்றவைப்புக் கம்பி. அடுப்பின் வெப்பத்தை நேரடியாக மாற்றும் குமிழ் எதுவும் அதனிடம் இல்லை. பெல்லட்டை எப்போது போடுவது, எவ்வளவு நேரம் போடுவது என்பது மட்டுமே அதன் அதிகாரம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ ட்ரேகர் 1980களில் இவ்வகை அடுப்பை உருவாக்கினார். 2006இல் காப்புரிமை முடிந்த பிறகே மற்றவர்கள் பெருமளவில் களத்துக்கு வந்தார்கள். முதல் தலைமுறைக் கன்ட்ரோலர்களில் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலை சுவிட்ச் மட்டும் இருந்தது. ஒவ்வொரு நிலைக்கும் திருகுத்தண்டு இத்தனை வினாடி ஓடும், இத்தனை வினாடி நிற்கும் என்ற கணக்கு உண்டு, அவ்வளவுதான். வெளியே பனி பெய்கிறதா, வெயில் கொளுத்துகிறதா என்று அதற்குத் தெரியாது. பின்னர் வந்த டிஜிட்டல் கன்ட்ரோலர்களில் வெப்ப உணரி சேர்ந்தது. என்னுடையது அந்த இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. அதில் “பி” என்று ஒரு மறைவான அமைப்பு உண்டு. குறைந்த வெப்பத்தில் புகையவிடும் “புகை” நிலையில் திருகுத்தண்டு 15 வினாடி ஓடும், பிறகு 45 வினாடியோடு “பி” எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் வரும் நேரம் வரை நிற்கும். பி-2 என்றால் 65 வினாடி ஓய்வு, பி-4 என்றால் 85 வினாடி. திருகுத்தண்டு ஓடும் நேரத்தைச் சதவீதமாகப் பார்த்தால் முன்னது 19, பின்னது 15. வெப்பம் இலக்குக்குக் கீழே போனால் இந்தக் கன்ட்ரோலர் பெல்லட்டை வாரிக் கொட்டும். இலக்கைத் தொட்டதும் இந்தக் குறைந்த அளவுக்குத் திரும்பிவிடும். இடைப்பட்ட நிலை என்று எதுவும் இல்லை.

இந்த முறையில் ஏன் முப்பது டிகிரி ஊசலாட்டம் வருகிறது என்பதை அறிய ஒரு சிறு சோதனை செய்தேன். அடுப்பு சீராக எரிந்துகொண்டிருக்கும்போது திருகுத்தண்டை ஒரு நிமிடம் தொடர்ந்து ஓடவிட்டு, அதன் பிறகு வெப்பம் எப்படி மாறுகிறது என்று பத்து வினாடிக்கு ஒரு முறை குறித்தேன். முதல் ஒன்றேகால் நிமிடம் எதுவும் நடக்கவில்லை. சொல்லப்போனால் குளிர்ந்த பெல்லட்டுகள் தணலை மூடியதால் வெப்பம் ஒரு டிகிரி இறங்கியது. அதன் பிறகே ஏறத் தொடங்கி, ஐந்தாவது நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டது. அதாவது, கன்ட்ரோலர் இப்போது கொடுக்கும் கட்டளையின் பலன் ஐந்து நிமிடம் கழித்துத்தான் முழுமையாகத் தெரியும். இலக்கைத் தொட்டுவிட்டோம் என்று அது கொட்டுவதை நிறுத்தும் நொடியில், ஏற்கெனவே கொட்டிய பெல்லட்டுகள் இனிமேல்தான் எரியப்போகின்றன. வெப்பம் இலக்கைத் தாண்டி ஓடுவதற்கும், பிறகு தணல் சிறுத்து இலக்குக்குக் கீழே விழுவதற்கும் இந்தத் தாமதமே காரணம்.

அதே சோதனையின் தொடர்ச்சியாக இன்னொன்றும் செய்தேன். பெல்லட் ஸ்மோக்கர் வைத்திருக்கும் எவரும் செய்துபார்க்க வேண்டியது இது. அடுப்பு குளிர்ந்திருக்கும்போது தீக்கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்து, திருகுத்தண்டைப் பத்து நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டு, விழுந்ததை எடைபோட்டேன். 400 கிராம் இருந்தது. மணிக்கு 2.4 கிலோ. ஒரு கிலோ நல்ல மரப் பெல்லட்டில் ஏறக்குறைய 5 கிலோவாட்-மணி ஆற்றல் இருப்பதால், திருகுத்தண்டு நூறில் 15 பங்கு நேரம் ஓடினால் என் அடுப்பு எரிக்கும் ஆற்றல் 1.8 கிலோவாட் என்று கணக்கிட முடிந்தது. கன்ட்ரோலரின் மொழியிலுள்ள சதவீதங்கள் எனக்கு வெப்பமாகப் புரியத் தொடங்கியது இந்த எடைபோட்ட நாளிலிருந்துதான்.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பழைய கன்ட்ரோலரின் அதே துளையில் பொருந்தும்படி தயாரான பிஐடி கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன; பெல்லட்டின் அளவைக் கணக்குப் போட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் வகை அவை, அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். நான்கு திருகுகளைக் கழற்றி, ஒயர்களை மாற்றிச் செருகினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அவசரம் உள்ளவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். எனக்கோ முகப்பு எண் என்னை ஏமாற்றிய கோபம் இன்னும் ஆறவில்லை. எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றும் என் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தேன். ஆகவே ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும், அதன் மீது ஓடும் பைஃபயர் என்ற திறந்த மூல மென்பொருளையும் மாதிரியாக வைத்துக்கொண்டு நானே கட்டத் தொடங்கினேன். திட்டமிட்டது இரண்டு வார இறுதிகள். ஆனது இரண்டு மாதங்கள்.

முதல் சறுக்கல் உணரியில் நேர்ந்தது. அடுப்பின் உட்சுவரில் இருப்பது ஆர்டிடி என்று சொல்லப்படும் பிளாட்டினம் உணரி. வெப்பம் கூடக்கூட அதன் மின்தடை ஏறக்குறைய நேர்கோட்டில் கூடும். இதில் இரண்டு வகைகள் புழக்கத்தில் உள்ளன. பிடி100 என்பது பூஜ்ஜியம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்டும். பிடி1000 அதைப்போலப் பத்து மடங்கு. என் உணரியை மல்டிமீட்டரில் அளந்தபோது அறை வெப்பநிலையில் 1,100 ஓமுக்குச் சற்று மேலே இருந்தது. பிடி1000 என்பதில் ஐயமே இல்லை. இவ்வளவு தெரிந்தும், அதன் மின்தடையைக் கணினிக்குப் புரியும் எண்ணாக மாற்றித் தரும் மேக்ஸ்31865 சில்லு பொருத்திய பலகையை வாங்கும்போது, அதிலுள்ள ஒப்பீட்டு மின்தடை 430 ஓமா 4,300 ஓமா என்று பார்க்காமல் வாங்கிவிட்டேன். 430 ஓம் பலகை பிடி100க்கு உரியது. மாட்டி மின்சாரம் கொடுத்ததும், தீக்குச்சிகூடக் கிழிக்காத அடுப்பின் வெப்பம் 988 டிகிரி என்று திரையில் வந்தது. அளவுகோலின் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று சில்லு தன் மொழியில் சொன்னதுதான் அந்த 988.

சரியான பலகை வந்த பிறகு உணரியைச் சரிபார்த்தேன். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் பூஜ்ஜியம், கொதிக்கும் தண்ணீரில் 100. உயரமான இடத்தில் இருப்பவர்கள் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கழித்துக்கொள்ள வேண்டும். இணைப்பு ஒயரின் தடையும் உணரியின் தடையோடு சேர்ந்துகொள்ளும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒயரில் ஒரு ஓம் கூடினால் பிடி100 உணரியில் 2.6 டிகிரி பிழை வரும். பிடி1000இல் கால் டிகிரிதான். இரண்டே ஒயர்களோடு வரும் அடுப்பு உணரிகளுக்குப் பிடி1000 ஏன் வசதி என்பது இதிலிருந்தே விளங்கும்.

அடுத்தது ரிலே, அதாவது கணினியின் கட்டளைப்படி மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். திருகுத்தண்டின் மோட்டாரை 25 வினாடிக்கு ஒரு முறை போட்டு அணைப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 144 முறை. சாதாரண ரிலே ஒன்றின் தொடுமுனைகள் முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை தாங்கும் என்று எழுதியிருந்தால், 700 மணி நேரத்துக்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். இரவு முழுவதும் எரியும் அடுப்புக்கு இது பெரிய காலமல்ல. தொடுமுனையே இல்லாத திண்மநிலை ரிலே இந்தத் தேய்மானத்திலிருந்து தப்பிக்கும். ஆனால் அது பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதாகும், அதாவது கட்டளை இல்லாமலே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். விளக்குக்கு அப்படி நேர்ந்தால் விளக்கு எரியும், அவ்வளவே. திருகுத்தண்டுக்கு அப்படி நேர்ந்தால் தொட்டியிலுள்ள பெல்லட் அனைத்தும் நெருப்புக்குள் போகும். பல இரவுகள் யோசித்த பிறகு, திருகுத்தண்டுக்குத் திண்மநிலை ரிலேயை வைத்து, அதற்கு முன்னால் தொடராக ஒரு பெரிய சாதாரண ரிலேயைக் காவலாகப் போட்டேன். மென்பொருள் இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் அந்தக் காவல் ரிலே மூடியிருக்கும். கணினி உறைந்தாலோ, நினைவட்டை கெட்டாலோ, வெப்பம் 290 டிகிரியைத் தாண்டினாலோ அது திறந்துகொள்ளும். கணினி துவங்கும் அரை நிமிடத்தில் ரிலேக்கள் எந்த நிலையில் இருக்கும் என்ற கேள்விக்கும் இதுவே விடையாக அமைந்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கையாளும் வேலை என்பதால், ஒவ்வொரு முறையும் செருகியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தேன். உலோகப் பெட்டிக்கு நில இணைப்பும், உட்செல்லும் ஒயரில் ஃபியூஸும் இல்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது.

பற்றவைப்புக் கம்பியைப் பற்றி ஒரு வரி போதும்: மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் அதன் தடை வரும், 200 வாட் கம்பி 120 வோல்ட்டில் 72 ஓமும் 230 வோல்ட்டில் 264 ஓமும் காட்ட வேண்டும், மல்டிமீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள்.

இனி பிஐடி. இந்த மூன்று எழுத்துகளைச் சுற்றி விற்பனையாளர்கள் மந்திரம்போல ஒரு மூட்டத்தை எழுப்பியிருக்கிறார்கள். விஷயம் அவ்வளவு மர்மமானதல்ல. 1922இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கப்பல்களைத் தானாகத் திசைதிருப்புவது பற்றி எழுதிய கட்டுரையில், தேர்ந்த மாலுமி சுக்கானை எப்படிப் பிடிக்கிறார் என்பதைக் கணக்காக்கினார். கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது, இதுவரை மொத்தமாக எவ்வளவு விலகியிருந்தது, எவ்வளவு வேகமாக விலகிக்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் அந்த மாலுமி சேர்த்தே பார்க்கிறார். முதலாவது விகிதம், இரண்டாவது தொகை, மூன்றாவது மாறும் வேகம். பால் பொங்கி விளிம்பைத் தொடும் வரை காத்திருக்காமல், அது எழும் வேகத்தைப் பார்த்தே தீயைக் குறைக்கிற கைதான் மூன்றாவது. ஐந்து நிமிடத் தாமதமுள்ள என் அடுப்புக்கு இந்த மூன்றாவது உறுப்பே உயிர்நாடியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுதான் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது. உணரியின் அளவீட்டில் அரை டிகிரி நடுக்கம் வந்தாலும் அதைப் பெரிய மாற்றமாக எடுத்துக்கொண்டு, கன்ட்ரோலர் திருகுத்தண்டை ஒரு சுழற்சியில் ஓட்டும், அடுத்ததில் நிறுத்தும். அளவீடுகளை அரை நிமிடத்துக்குச் சராசரியாக்கிக் கொடுத்த பிறகே அது அடங்கியது. பழைய கன்ட்ரோலர் சராசரி காட்டி ஏமாற்றியது என்று குறைசொன்ன நான், அதே சராசரியை என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கணக்குக்குச் சராசரி, கண்ணுக்கு உண்மை எண் என்று இரண்டையும் பிரித்து வைத்தேன் என்பது மட்டுமே வித்தியாசம்.

இரண்டாவது உறுப்பான தொகை வேறு வகையில் பாடம் புகட்டியது. இறைச்சியைத் திருப்பிவைக்க மூடியைத் திறந்தால், அறையின் சூடு சில வினாடிகளில் வெளியேறி வெப்பம் 60 டிகிரிக்கு விழும். மூடி திறந்திருந்த இரண்டு நிமிடமும் கன்ட்ரோலர் பற்றாக்குறையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பெரிய கடனாகக் கணக்கில் எழுதிவைத்திருந்தது. மூடியதும் உலோகச் சுவர்களின் சூட்டிலேயே வெப்பம் தானாக மீண்டும் ஏறிவிடும். ஆனால் கன்ட்ரோலர் அந்தப் பழைய கடனை அடைப்பதற்காகப் பெல்லட்டைக் கொட்டிக்கொண்டே இருந்ததால், வெப்பம் 150 டிகிரியைத் தொட்டு, இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. வெப்பம் ஒரு நிமிடத்துக்குள் 15 டிகிரிக்கு மேல் விழுந்தால் மூடி திறந்திருக்கிறது என்று கொண்டு, ஐந்து நிமிடம் தொகையை உறையவைத்து, விழுவதற்கு முன்பிருந்த சராசரி அளவிலேயே பெல்லட்டைப் போடும்படி மாற்றினேன். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பத்து வரிகள் அவை.

இவ்வளவுக்குப் பிறகு ஓர் இரவு அடுப்பு அணைந்தது.

அன்று காற்றே இல்லை, வெளிவெப்பமும் அதிகம். இலக்கு 95 டிகிரி. கன்ட்ரோலர் தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது: வெப்பம் இலக்குக்குச் சற்று மேலே இருந்ததால் பெல்லட்டைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, ஏழு சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. ஏழு சதவீதம் என்பது 25 வினாடியில் இரண்டு வினாடிகூட இல்லை. தீக்கிண்ணத்திலிருந்த தணல் சுருங்கிச் சாம்பலுக்குள் ஒளிந்துகொண்டது. சாம்பலின் மேல் விழுந்த பெல்லட்டுகள் பற்றவில்லை. இப்போது வெப்பம் இறங்கத் தொடங்கவே, கன்ட்ரோலர் அதைப் பெல்லட் பற்றாக்குறை என்று நினைத்துக் கொட்டத் தொடங்கியது. எரியாத கிண்ணத்தில் பெல்லட் குவிந்தது. நான் எழுந்து பார்த்தபோது வெப்பம் 58 டிகிரி, திருகுத்தண்டு தொண்ணூறு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது, புகைபோக்கியிலிருந்து கனத்த வெண்புகை வந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் செய்யக்கூடாத ஒரே காரியம், பற்றவைப்புக் கம்பியை மறுபடியும் போடுவது. குவிந்த பெல்லட்டுகள் புழுங்கி வெளிவிடும் புகை எரியக்கூடிய வாயுக்களைக் கொண்டது. மூடிய அறையில் அது நிறைந்திருக்கும்போது ஒரு சுடர் எழுந்தால் மூடி தூக்கியடிக்கப்படும். மின்சாரத்தை நிறுத்தி, ஒதுங்கி நின்று மூடியைத் திறந்து, எல்லாம் ஆறிய பிறகு கிண்ணத்தைக் காலிசெய்தேன். கிண்ணம் நிரம்பி வழிந்து, தட்டின் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ கிடந்தது.

இந்த எந்திரத்தை நான் எவ்வளவு தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது. நான் எழுதிய கன்ட்ரோலர் வெப்பத்தைக் காத்தது. தீயைக் காக்க அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய கன்ட்ரோலரின் முரட்டுத்தனமான “பி” அமைப்பு செய்துகொண்டிருந்த வேலை உண்மையில் அதுதான்: என்ன ஆனாலும் நூறில் பதினைந்து பங்குக்குக் குறையாமல் தணலுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தது. நான் எதை மடமை என்று நினைத்துக் கழற்றி எறிந்தேனோ, அது நெருப்பை அறிந்த யாரோ ஒருவர் எழுதிவைத்த அடிப்படை விதி. குறைந்தபட்ச அளவை 15 சதவீதமாக உயர்த்தினேன். அதன் விலை வெளிப்படையானது: 1.8 கிலோவாட்டுக்குக் கீழே என் அடுப்பு போகாது, எனவே வெப்பமான நாளில் 95 டிகிரி என்ற இலக்கு அதற்கு எட்டாது, 104இல் நின்றுகொள்ளும். நின்றுகொள்ளட்டும். வெப்பம் இலக்குக்குக் கீழே 20 டிகிரி இறங்கி, பத்து நிமிடம் பெல்லட் போட்டும் ஏறவில்லை என்றால் தீ அணைந்ததாகக் கொண்டு, திருகுத்தண்டை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, என்னை எழுப்பும்படியும் எழுதினேன். தானாக மறுபடி பற்றவைக்கும் வசதி பல கன்ட்ரோலர்களில் உண்டு. நான் அதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

அணைப்பதிலும் இதே கவனம் தேவை. சுவிட்சை அணைத்தவுடன் விசிறியும் நின்றுவிட்டால், கிண்ணத்தில் மிச்சமிருக்கும் தணல் திருகுத்தண்டுக் குழாயிலுள்ள பெல்லட்டுகளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தொட்டியை நோக்கி ஊர்ந்துபோகும். அதனால்தான் திருகுத்தண்டு நின்ற பிறகும் விசிறி பத்து நிமிடம் ஓட வேண்டும். தீ பின்னோக்கிப் போனால் முதலில் சூடாவது குழாய் என்பதால், அதன் வெளிப்புறத்தில் ஒரு சிறு வெப்பத் துண்டிப்பானையும் ஒட்டியிருக்கிறேன். இதுவரை அது ஒரு முறையும் செயல்படவில்லை.

இந்தத் திருத்தங்களுக்குப் பிறகு 107க்கு மேலும் கீழும் மூன்று டிகிரிக்குள் அடுப்பு நின்றது. பிஐடியின் மூன்று உறுப்புகளுக்கும் முறையே விகிதப் பட்டை 33 டிகிரி, தொகை நேரம் 180 வினாடி, வேக நேரம் 45 வினாடி என்ற எண்களில் தொடங்கி, கடைசி எண்ணை மட்டும் பாதியாகக் குறைத்திருந்தேன். வரைபடத்தில் கோடு மேசைமேல் வைத்த நூல்போலக் கிடந்தது. முதல் சமையல் முடிந்து அறுத்துச் சுவைத்தபோது, பதம் நன்றாக இருந்தது. புகை மணம் பாதிகூட இல்லை.

வீட்டில் மற்றவர்கள் சொன்ன பிறகே நான் அதை நம்பினேன். யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. புகையின் மணத்துக்குக் காரணமான குவையகோல், சிரிங்கோல் போன்ற சேர்மங்கள் மரத்தின் லிக்னின் வெப்பத்தால் சிதையும்போது பிறக்கின்றன. காற்றும் எரிபொருளும் சீராகக் கிடைத்து எரிந்தால் அவையும் சேர்ந்தே எரிந்துபோகும். 25 வினாடிக்கு ஒரு முறை நாலைந்து வினாடி மட்டும் பெல்லட் விழுந்தால் கிண்ணத்தில் எப்போதும் சிறிய, சூடான, சுத்தமான சுடர் இருக்கும். பழைய கன்ட்ரோலரில் பதினைந்து வினாடிக் குவியல் ஒன்று விழுந்து, புழுங்கி, பிறகு பற்றும். ஒவ்வொரு சுழற்சியிலும் அந்தப் புழுக்கமே மணத்தைத் தந்துகொண்டிருந்தது. நான் விரட்டியடித்த ஊசலாட்டத்தோடு புகையும் போய்விட்டது.

அந்த ஊசலாட்டம் இறைச்சிக்குத் தீங்கு செய்துகொண்டிருந்ததா என்றால், அதுவும் இல்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டியது முதல் நாளில். நான் போட்டது கடைசியில். இறைச்சிக்குள் வெப்பம் பரவும் கெழு வினாடிக்கு ஏறக்குறைய 0.14 சதுர மி.மீ. பதினான்கு நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் வெப்ப அலை, உள்ளே 6 மி.மீ. போவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய்ந்துவிடும், 3 செ.மீ. ஆழத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. மேற்பரப்பில் பதினாறு டிகிரி ஏறி இறங்கினாலும் நடுப்பகுதிக்குத் தெரிவது பத்தில் ஒரு டிகிரி. உண்மையில் மேற்பரப்பே காற்றின் ஏற்ற இறக்கத்தை முழுமையாக வாங்கிக்கொள்வதில்லை. நடுப்பகுதி 70 டிகிரிக்கு அருகில் மணிக்கணக்கில் முன்னேறாமல் நிற்கும் அந்தப் பொறுமையைச் சோதிக்கும் நேரம்கூட, மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர்வதால் வருவது, கன்ட்ரோலரின் குற்றமல்ல. இறைச்சி பார்ப்பது பல மணி நேரச் சராசரியை. அந்தச் சராசரி பழைய கன்ட்ரோலரில் 110 ஆக இருந்தது, இலக்குக்கு மூன்று டிகிரிதான் தள்ளி.

அதைவிடப் பெரிய பிழை உணரி இருந்த இடத்தில் ஒளிந்திருந்தது. பெரிய, குளிர்ந்த துண்டு ஒன்றைச் சுவரோர உணரிக்குப் பக்கத்தில் வைத்த நாளில், உணரி 107 என்று சொல்லிக்கொண்டிருக்க, தட்டின் மறுமுனை 121 டிகிரியில் இருந்தது. எந்தக் கணிதமும் இதைச் சரிசெய்யாது. உணரியைச் சுவரிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி, ஒரு சிறு உலோகத் தாங்கியில் பொருத்தியதும், இறைச்சியை அதற்கு ஒரு சாண் தொலைவுக்கு அப்பால் வைக்கத் தொடங்கியதும் சரிசெய்தன. மூடியின் விளிம்பில் ஒட்டிய காப்புப் பட்டை, காற்று வீசும் நாட்களில் நூறில் நான்கைந்து பங்கு பெல்லட்டை மிச்சப்படுத்தியது. ஈரம் பட்டு உப்பிய பெல்லட்டைத் தூக்கியெறிந்ததும், ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் தீக்கிண்ணத்துச் சாம்பலை வழித்தெடுப்பதும் எனக்குத் தந்த சீரான எரிப்பை, நான் இரண்டு மாதம் எழுதிய மென்பொருளோடு ஒப்பிட எனக்கே தயக்கமாக இருக்கிறது.

இப்போது என் அடுப்பு இப்படி ஓடுகிறது. முதல் இரண்டரை மணி நேரம், மேற்பரப்பு குளிர்ந்தும் ஈரமாகவும் இருந்து புகையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் காலத்தில், பிஐடி கணக்கு வேலை செய்வதே இல்லை. 15 வினாடி ஓட்டம், 65 வினாடி ஓய்வு என்ற பழைய பி-2 அப்படியே நடக்கிறது, வெப்பம் 85க்கும் 110க்கும் இடையில் தன் போக்கில் திரிகிறது. அதற்குப் பிறகு பிஐடி பொறுப்பேற்று 121 டிகிரியில் காலை வரை நிறுத்துகிறது. திரையில் இரண்டு எண்கள் தெரியும்: பெரிதாக உணரியின் அப்போதைய வெப்பம், அதன் கீழே கடந்த ஒரு மணி நேரத்தில் விழுந்த பெல்லட்டின் கிராம் கணக்கு. இரவில் எழுந்தால் நான் முதலில் பார்ப்பது இரண்டாவது எண்ணைத்தான். அது வழக்கமான 450, 500ஐ விட்டு விலகியிருந்தால் காற்று எழுந்திருக்கிறது, அல்லது சாம்பல் சேர்ந்திருக்கிறது, அல்லது தொட்டியில் பெல்லட் குகைபோலக் குடைந்து நின்று கீழே இறங்காமல் இருக்கிறது. வெப்பம் அதைக் காட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே தெரிந்துவிடும்.

கழற்றிய பழைய கன்ட்ரோலரை எறிந்துவிட்டதாக மேலே எழுதினேன். அது கோபத்தில் எழுதியது. ஒவ்வொரு ஒயரின் முனையிலும் பெயரெழுதிய காகிதம் ஒட்டி, அதை அடுப்பின் அடித்தட்டிலேயே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். கணினியின் நினைவட்டை போன மாதம் நள்ளிரவில் கெட்டுப்போனது. காவல் ரிலே சொன்னபடி திறந்து திருகுத்தண்டை நிறுத்தியது. டார்ச் வெளிச்சத்தில் பழைய கன்ட்ரோலரை மாட்டி, மீதி ஏழு மணி நேரத்தை அதிலேயே ஓட்டினேன். முகப்பில் விடியும் வரை 107 என்றே ஒளிர்ந்தது.